தன் மக்கள் நடுவே

இன்டர்லாக்கன்
12 ஓகஸ்ட் 1996, திங்கள்

மதிப்புக்குரிய ஐயா,

இராஜேந்திரன் இறந்தது உறுதி. இன்று காலை 9.40க்கு, துன் நகர மருத்துவமனையின் பதிவு அறையில் இருக்கும் பெண் கோப்பைத் திறந்து வாசித்துச் சொன்னார். காரணம் நிமோனியா. நாள் பத்தாம் திகதி, சனிக்கிழமை. நேரம் போடவில்லை. நேற்று மதியம், அவன் வாடகைக்கு இருந்த அறையின் வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். சுவரில் என் ஹோட்டல் தொலைபேசி இலக்கம் எழுதியிருந்ததாம், எனக்கு எடுத்தார். நான் உங்களுக்கு எடுத்தேன்.

"எனக்குத் தம்பி எண்டு ஒருத்தரும் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். திரும்ப எடுத்தபோது உங்கள் மனைவி சிவமலர், "ஐயா பூசைக்குப் போட்டார் அண்ணை, திருவிழா முடியட்டும்" என்றார். ஆகையால் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் நடுவில் வைத்துவிட முடியாது.

உடலை அடையாளம் காட்டியது நான். எங்கள் ஹோட்டல் யூதர்கள் வந்து தங்குவது என்று உங்களுக்குத் தெரியும். சமையலறையில் அவர்களுடைய சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க, பாசலில் இருந்து காட்ஸ் என்று ஒருவர் வந்து நிற்கிறார். என் வயதுக்காரர். அவர்தான் காரில் கொண்டுபோனார். மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வர மாட்டேன் என்றார். தான் ஆரோனின் வழிவந்த குருக்கள் பரம்பரை, பிணம் இருக்கும் கூரையின் கீழ் வரக்கூடாது என்றார். மழை. ஒரு மரத்தின் கீழ் நாற்பது நிமிடம் நின்றார். திரும்பி வந்து, "லாங்கன்தாலிலயும் ஒருத்தர் இப்பிடித்தான் நிக்கிறார்" என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

இனி அலுவலக விஷயம். நகரசபையில் ஷ்டெட்லர் என்ற அம்மா கோப்பைக் காட்டினார். 1985 இல் நாங்கள் மூவரும் அகதிகளாக ஒன்றாகப் பதிந்த அதே கோப்பு. இராஜேந்திரனின் உறவினர் என்ற இடத்தில் ஒரே பெயர் இருக்கிறது: சகோதரன், ஜெகதீஸ்வரன், லாங்கன்தால். இது உண்மையா என்று அவர் கேட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படிவம் இன்று உங்களுக்குத் தபாலில் வருகிறது. பத்தொன்பதாம் திகதி திங்கள் மதியத்துக்குள் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் உடல் எங்களுடையது. இல்லையென்றால் நகரசபை தானே எரித்து, பெயரில்லாத பொதுக்குழியில் சாம்பலைப் போடும். ஒருவரும் நிற்கத் தேவையில்லை என்றார். அதை ஒரு சலுகை போலச் சொன்னார்.

அவனுடைய உண்மையான உறவு ஒரு தமக்கை, இராஜேஸ்வரி. போன ஒக்ரோபர் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. செஞ்சிலுவைக்கு எழுதிவிட்டேன்.

கிரியை செய்ய வரும்படி கேட்கவில்லை. கையெழுத்து ஒன்றுதான் கேட்கிறேன்.

கிளமென்ற்

&nbsp;

லாங்கன்தால்
13 ஓகஸ்ட் 1996

திரு. கிளமென்ற் அவர்களுக்கு,

கடிதமும் படிவமும் ஒரே நேரத்தில் வந்தன. தபால்காரர் இரண்டையும் கோயில் வாசலில் சபைத் தலைவரின் கையில் கொடுத்தார். நல்லவேளையாக அவர் உறைகளைப் பிரிக்கவில்லை.

நீங்கள் வேறு சமயத்தவர் என்பதால் ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். ஒன்பதாம் திகதி காலை, கொடியேற்றத்துக்கு முன், என் வலது கையில் காப்புக் கட்டப்பட்டது. கொடி இறங்கி அதை அவிழ்க்கும்வரை இந்தக் கட்டடத்தின் எல்லையை நான் தாண்ட மாட்டேன். இந்தப் பத்து நாளும் என்னைப் பெற்றவள் இறந்தாலும் எனக்குத் துடக்குத் தீட்டு இல்லை, போகவும் முடியாது. தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில், தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய் ஓடும் இடத்தில்தான் எங்கள் முருகன் இருக்கிறார். அதற்காக முறை பாதியாகிவிடாது.

கையெழுத்துத்தானே என்கிறீர்கள். காப்புக் கட்டிய கையால் நான் பொய் எழுத மாட்டேன். அவன் என் தம்பி அல்ல.

பதினொரு வருடத்துக்கு முன் அப்படிச் சொன்னேன், மறுக்கவில்லை. அன்று பதிவு அலுவலகத்தில் அவன் அழுதான். தனியாள் என்றால் வேறு மாகாணத்துக்கு அனுப்பிவிடுவார்கள், குடும்பம் என்றால் பிரிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். இரக்கப்பட்டு, ஒரே தகப்பன் பெயரை இருவருக்கும் கொடுத்தேன். இரக்கப்பட்டதற்கு இப்படி ஒரு நாள் வரும் என்று அப்போது தெரியாது. இப்போது அந்தத் தாள் வெளியே வந்தால், "ஐயா, உங்கட தம்பி பூணூல் போடாத தம்பியோ?" என்று கேட்பார்கள். ஆறு வருடமாக இந்தக் கோயிலை நான் கட்டி வைத்திருக்கிறேன். சிவமலருக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கும் வீடும் கோயிலுடையது.

நீங்கள் இருபது வருடம் யாழ்ப்பாணத்தில் செய்தி எழுதினவர். ஒரு தாளில் இருப்பதெல்லாம் உண்மை ஆகிவிடாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஜெகதீஸ்வர சர்மா

&nbsp;

இன்டர்லாக்கன்
14 ஓகஸ்ட் 1996

ஐயா,

உங்கள் கடிதம் இன்று பத்தரைக்குக் கிடைத்தது. சமையலறையில் காட்ஸ் கீரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இலையையும் விளக்குக்கு நேரே பிடித்து, பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். அறுபது பேருக்குச் சலாது என்றால் இரண்டு மணித்தியாலம். நான் கழுவிக் கொடுக்கிறவன். கடிதத்தில் இருப்பதை ஜெர்மனில் அவருக்குச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

அவர் இலையைக் கீழே வைத்துவிட்டு, "காப்பு எங்கே கட்டுவார்கள்? எத்தனை நாள்? தானாக அவிழ்ந்தால்?" என்று கேட்டார். உங்கள் பக்கம் நிற்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"நீங்களும் மழைக்க நிண்டனீங்கள்தானே" என்றேன். இம்முறை ஜெர்மனிலும் சொன்னேன்.

பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன். எனக்கு எபிரேயம் தெரியாது. சரியாகக் கேட்டேனா என்று இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

பழைய ஏற்பாட்டில் குருக்கள் பிணத்தால் தீட்டுப்படக் கூடாது என்ற கட்டளை தொடங்கும் இடத்தில், ஒரே வசனத்தில் "சொல்" என்பது இரண்டு தரம் வருகிறது. ஆரோனின் மக்களான குருக்களிடம் சொல், அவர்களிடம் சொல்வாய். எங்கள் பாதிரிமார் இதைக் கடந்து போய்விடுவார்கள். இவர்களுடைய உரைகாரர்கள் கடப்பதில்லை. கடவுள் ஒரு சொல்லையும் சும்மா செலவழிக்க மாட்டார் என்பது அவர்களுடைய பிடி. பிரான்சில் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் இருந்த ஒருவர், இரண்டாவது "சொல்" பிள்ளைகளுக்காக என்கிறார்: பெரியவர்கள் தாங்கள் விலகியிருந்தால் போதாது, சின்னவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயினில் ஒருவர், முதல் "சொல்" அதற்கு முன் வந்த சட்டங்களைப் பற்றியது, இரண்டாவதுதான் இதைப் பற்றியது என்கிறார். இன்னொருவர், அது வெறும் அழுத்தம், "கவனி" என்று சொல்வது போல என்கிறார்.

"ஆர் சரி?" என்று கேட்டேன்.

"மூன்று பேரையும் ஒரே பக்கத்தில் அச்சடிக்கிறோம்" என்றார்.

எங்கள் பத்திரிகை ஆசிரியராக இருந்தால் ஒருவரைத்தான் போடுவார் என்றேன். சிரித்தார்.

எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு வந்தது. கட்டளை இப்படிப் போகிறது: குரு தன் மக்கள் நடுவே இறந்தவருக்காகத் தீட்டுப்படக் கூடாது. பெற்றவர், பிள்ளை, சகோதரன் போன்ற நெருங்கியவர் மட்டும் விலக்கு. "தன் மக்கள் நடுவே" என்று ஏன் போட்டிருக்கிறது? அந்தச் சொற்கள் இல்லாவிட்டாலும் வசனம் நிற்கும். உரைகாரர்கள் சொல்வது: இறந்தவர் தன் மக்கள் நடுவே இருக்கும்போதுதான் தடை. அடக்கம் செய்ய ஒருவரும் இல்லாத பிணம் என்றால் தடை இல்லை. குருவே போக வேண்டும்.

உங்கள் காப்பை நினைத்து, "இவர் சாதாரண குரு இல்லை, தாய் செத்தாலும் போக ஏலாதவர்" என்றேன்.

"தலைமைக் குருவும் அப்படித்தான்" என்றார். தலைமைக் குரு எந்தப் பிணத்திடமும் போகக் கூடாது என்று முதலில் சொல்லிவிட்டு, தந்தைக்காகவும் தாய்க்காகவும் கூடாது என்று மறுபடி சொல்கிறதாம். எந்தப் பிணமும் என்ற பிறகு தாய் தந்தை எதற்கு? தாய் தந்தைக்குத்தான் கூடாது, ஆளில்லாத பிணத்துக்கு அவரும் தீட்டுப்பட வேண்டும் என்று உணர்த்துவதற்காம். வருடத்தில் ஒருநாள் மகா பரிசுத்த இடத்துக்குள் போகிற அந்த ஒருவரே, வழியில் கிடக்கும் அநாதைப் பிணத்துக்காகக் குனிய வேண்டும்.

கடைசியாக, "அப்ப நீங்கள் ஏன் உள்ளுக்க வரேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் உள்ளே போனீர்களே. அவருக்கு ஆள் இருந்தது" என்றார்.

ஐயா, இது உங்கள் ஆகமம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களைப் போலவே விலகி நிற்கச் சொல்லும் ஒரு சட்டம், எந்த இடத்தில் விலகக் கூடாது என்பதையும் தன் சொற்களுக்குள் வைத்திருக்கிறது. உங்களுடையதிலும் எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். ஐந்து நாள் இருக்கிறது.

கிளமென்ற்

&nbsp;

லாங்கன்தால்
15 ஓகஸ்ட் 1996

கிளமென்ற் அண்ணைக்கு,

இரண்டு பூசைக்கு நடுவில் எழுதுகிறேன். சுருக்கமாகத்தான் வரும்.

உங்கள் நண்பரின் உரைகாரர்களை மூன்று முறை வாசித்தேன். நல்ல ஆட்கள். எங்கள் தகப்பனாருக்குப் பிடித்திருக்கும். ஆனால் காட்ஸ் சொன்ன கடைசி வரியை நீங்களே எழுதிவிட்டு, நீங்கள் வாசிக்கவில்லை.

"அவருக்கு ஆள் இருந்தது." அந்த ஆள் நீங்கள். அடையாளம் காட்டினீர்கள், நகரசபைக்குப் போனீர்கள், செஞ்சிலுவைக்கு எழுதினீர்கள். அவருடைய சட்டப்படியே இராஜேந்திரன் ஆளில்லாத பிணம் இல்லை. காட்ஸ் மழையில் நின்றது சரி என்றால், நான் இங்கே நிற்பதும் சரி. "நான் பொறுப்பெடுக்கிறன்" என்று நீங்களே ஷ்டெட்லர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தீர்களா? சொல்லவில்லை. ஏன் என்னைத் தேடுகிறீர்கள்?

இன்னொன்று. உங்கள் முதல் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. 9.40. நாற்பது நிமிடம். திங்கள் மதியம். ஒன்று மட்டும் இல்லை. அவன் கடைசியாக உங்களோடு எப்போது கதைத்தான்? அவன் சுவரில் இருந்தது உங்கள் இலக்கம். என்னுடையது இல்லை.

ஜெகதீஸ்வரன்

&nbsp;

இன்டர்லாக்கன்
16 ஓகஸ்ட் 1996, வெள்ளி, எக்ஸ்பிரஸ் தபாலில்

ஐயா,

கேட்டதற்குப் பதில். மே மாதம் இருபத்தாறாம் திகதிக்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கப் பார்த்தான்.

இந்த மாதம் ஏழாம் திகதி புதன் இரவு 7.50க்கு ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். ஒன்பதாம் திகதி வெள்ளி காலை 6.30க்கு மறுபடி எடுத்திருக்கிறான். வரவேற்பில் இருக்கிறவள் இரண்டையும் துண்டில் எழுதித் தந்தாள். இரண்டாவதில், "இருமுகிறார், திரும்ப எடுக்கவும்" என்று இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் சமையலறை எப்படி என்று சொன்னால் விளங்காது. சூரியன் இறங்கமுன் அடுத்த நாளுக்கும் சேர்த்து எல்லாம் முடிய வேண்டும். துண்டை ஏப்ரன் பையில் வைத்தேன். சனி முழுக்க ஓய்வு. சனிக்கிழமை நான் நித்திரை கொண்டேன். ஏப்ரன் சலவைக்குப் போய்விட்டது.

உங்கள் கேள்வி வரும்வரை இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, என் மனைவி செசீலியாவுக்கும். நேற்று மாதாவின் திருநாள், பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. உங்கள் கையெழுத்தை வாங்கிவிட்டால், இந்தத் துண்டுகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன் போல இருக்கிறது. "போல இருக்கிறது" என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இதில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்று காட்ஸிடம் கேட்டேன்: ஆளில்லாத பிணம் என்பதை எப்படித் தீர்மானிப்பது?

"பிணத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கூப்பிட்டால், மற்றவர்கள் பதில் சொல்லும் தூரத்தில் இருக்க வேண்டும். பதில் வந்தால் ஆள் இருக்கிறது. வராவிட்டால் இல்லை."

"சாகமுன்னம் கூப்பிட்டு, பதில் வரேல்லை எண்டால்?"

அவர் கத்தியைத் துடைத்து வைத்தார். "அதற்கு உரை தெரியாது" என்றார். பிறகு, அந்தச் சட்டத்திலேயே ஒரு வழக்கு இருப்பதாகச் சொன்னார். தலைமைக் குருவும், விரதம் பூண்ட ஒருவனும் ஒன்றாக வழியில் போகிறார்கள். இருவரும் பிணத்தைத் தொடக் கூடாதவர்கள். ஆளில்லாத பிணம் ஒன்று கிடக்கிறது. யார் தீட்டுப்படுவது? ஒரு ஆசிரியர் குரு என்கிறார், மற்றவர்கள் விரதக்காரன் என்கிறார்கள். இரண்டு பேரும் கடந்து போகலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லையாம்.

செசீலியாவிடம் இன்று சொன்னேன். நாளை தமிழ் ஆட்களோடு மரியஸ்ரைன் யாத்திரைக்குப் போகிறாள். "மாதாவிட்ட நான் கதைக்கிறன். நீங்கள் ஒரு கடுதாசியில ஒளிச்சுக்கொண்டு நிக்காமல் துன்னுக்குப் போங்கோ" என்றாள்.

திங்கள் காலை பத்து மணிக்கு நகரசபையில் நிற்பேன். பொறுப்பெடுப்பதாகச் சொல்வேன். உறவினர் அல்லாதவரை ஏற்பார்களா என்று ஷ்டெட்லர் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். உறவினர் கோப்பில் இருக்கும்போது முடியாது என்றார். இருந்தாலும் நிற்பேன்.

கிளமென்ற்

&nbsp;

லாங்கன்தால்
18 ஓகஸ்ட் 1996, ஞாயிறு

அண்ணை,

கொடி 7.20க்கு இறங்கியது. காப்பை 8.10க்கு அவிழ்த்தேன். பத்து நாள் கட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது. அந்தக் கையால்தான் படிவத்தில் ஒப்பமிட்டேன். உறவு என்ற இடத்தில் அவர்களே "சகோதரன்" என்று தட்டெழுதியிருந்தார்கள். நான் வெட்டவில்லை.

பொய் எழுத மாட்டேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தில்தான் பொய் இருந்தது. அன்று பதிவு அலுவலகத்தில் அழுதது அவன் இல்லை, நான். மச்ச மாமிசம் புழங்கும் சட்டியில் என்னால் சாப்பிட முடியாது. மூன்று நாள் பாணும் அப்பிளும்தான். தனியாக எங்காவது அனுப்பினால் செத்துப்போவேன் என்று நினைத்தேன். அவன்தான், "என்னைத் தம்பி எண்டு சொல்லுங்கோ ஐயா, நான் சமைச்சுத் தாறன்" என்றான். எட்டு மாதம், அகதிகளை வைத்திருந்த ஹைமில் எனக்கென்று ஒரு சட்டி வைத்திருந்தான். மற்றவர்கள் அதில் கோழி வைத்துவிடுவார்கள் என்று, கழுவித் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பான். உங்களுக்கு நினைவிருக்கும். அதை நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அப்போதே கிழித்திருப்பேன்.

எங்கள் ஆகமத்தில் தேடினேன். தகப்பனார் எழுதித் தந்த கொப்பிகளிலும் தேடினேன். காட்ஸினுடையது போல ஒரு வசனம் கிடைக்கவில்லை. இல்லை என்று சொல்ல மாட்டேன்; எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமலேதான் ஒப்பமிட்டேன்.

சபையாரைக் கூப்பிட்டு, தம்பி இறந்துவிட்டான் என்று நானே சொன்னேன். எந்தத் தம்பி என்பதையும் சொன்னேன். தலைவர், "அப்ப துடக்கு எத்தினை நாள் ஐயா? உங்கட கணக்கில பத்து, அவையின்ர கணக்கில முப்பத்தொண்டு" என்றார். யாரோ பின்னால் சிரித்தார்.

"அவன்ர தமையன் எண்டால் அவன்ர கணக்குத்தான்" என்றேன்.

"பூணூலையும் கழட்டிவிடுவியளோ?"

"அதை நீங்கள் கூடிக் கதையுங்கோ. நான் முப்பத்தொரு நாளும் உள்ளுக்க வரமாட்டன்."

பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. இராஜேந்திரன் நாலைந்து வருடம் தேருக்கு வடம் பிடித்தவன் என்று சமையற்கட்டில் நின்ற இந்திரா அக்கா மட்டும் சொன்னார். எனக்கு அது தெரியாது. வடம் பிடிக்கிறவர்களின் முகத்தைத் தேரில் இருந்து பார்ப்பது இல்லை.

படிவத்தையும் இந்தக் கடிதத்தையும் நாளை சிவமலர் ரயிலில் கொண்டு வருகிறாள். தபாலை நம்பவில்லை.

ஜெகதீசன்

&nbsp;

துன்
19 ஓகஸ்ட் 1996, திங்கள், பிற்பகல் 2.15

ஜெகதீசன்,

படிவம் காலை 11.20க்கு நகரசபையில் ஒப்படைக்கப்பட்டது. சிவமலர் கொடுத்தார், ஷ்டெட்லர் அம்மா முத்திரை குத்தினார், நான் பக்கத்தில் நின்றேன். பிரதி என்னிடம் இருக்கிறது. அந்த அம்மா சிவமலரின் கையைப் பிடித்து, மைத்துனருக்காக வருந்துவதாகச் சொன்னார். சிவமலர் நன்றி என்றார். அழுதார். அது உபசாரத்துக்கு அழுதது இல்லை.

இரண்டு தொலைபேசித் துண்டுகளையும் பற்றிச் சிவமலரிடம் சொன்னேன். அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஐயாவின்ர இலக்கம் ஏன் அவனிட்ட இல்லை எண்டு நினைக்கிறியள்? ரெண்டு வருசத்துக்கு முன்னம் மாத்தினாப் பிறகு நாங்கள் குடுக்கேல்லை" என்றார். இதை உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார்.

தகனம் புதன்கிழமை, இருபத்தோராம் திகதி, காலை 10.30. லாங்கன்தாலில் இருந்து 8.20 ரயில் எடுத்தால் போதும், நிலையத்தில் நிற்கிறேன்.

தெரியாமல் இருப்பவை. கிரியை செய்யும் குருக்கள் ஒருவர் ஜெர்மனியில் இருக்கிறார். வருவாரா என்று நாளை மாலைக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் நீங்கள் தேவாரம் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். தமக்கை பற்றிச் செஞ்சிலுவையின் பதில் நவம்பருக்கு முன் வராது. உங்கள் சபை முடிவெடுப்பது முப்பத்தோராம் நாளுக்கு அடுத்த நாள், செப்டெம்பர் பத்தாம் திகதி என்று சிவமலர் சொன்னார்.

இன்னும் ஒன்று. தகனசாலைப் பொறுப்பாளர் இப்போதுதான் எடுத்தார். பெட்டியை உள்ளே அனுப்பும் பொத்தானைக் குடும்பத்தில் ஒருவர் அமத்தலாமாம். ஒருவர்தான், உள்ளே நிற்க ஒருவருக்குத்தான் இடம். அந்தப் பெயரைக் கேட்டார். இரண்டு பேர் இருக்கிறோம், இன்னும் தீர்மானிக்கவில்லை என்றேன். புதன் காலை பத்து மணிக்குள் சொன்னால் போதும் என்றார்.

கிளமென்ற்